சின்ன விமான நிலையங்களுக்கு இடையே தூரமும் பறக்கும் நேரமும்: நீங்களே கணக்கிட ஒரு முழுமையான வழிகாட்டி

டிக்கெட் முன்பதிவு வேலைக்குப் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் வாரமே ஒரு கணக்குக் கொடுப்பேன். தூத்துக்குடியிலிருந்து சேலத்துக்கு விமானத்தில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? கைப்பேசியை எடுத்து இரண்டு நொடியில் ஒரு எண்ணைச் சொல்லிவிடுவார்கள். ஒருவர் 340 கிலோமீட்டர் என்பார், இன்னொருவர் 184 என்பார், மூன்றாமவர் பதின்மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் என்று சொல்லிவிட்டு அவரே திகைத்து நிற்பார். முதல் இருவர் சொன்னதும் சரிதான், இரண்டாமவர் சொன்னது கடல் மைலில் (ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர்). மூன்றாமவர் தட்டியது அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இருக்கும் சேலம்.

சென்னை–டெல்லி மாதிரிப் பெரிய வழித்தடம் என்றால் அட்டவணையைப் பார்த்தே பதில் சொல்லலாம். இரண்டு பக்கமும் சிறிய நிலையமாக இருந்தால் அப்படி முடியாது. அட்டவணையே இல்லாமல் இருக்கலாம், இணையத்தில் வரும் எண் எதை அளந்தது என்றும் தெரியாது. அதனால் கையால் கணக்குப் போடத் தெரிந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்புக் கணிதம் போதும். ஆனால் படிகளின் வரிசை முக்கியம்.

1. முதலில் கேள்வி என்ன என்று முடிவு செய்யுங்கள்

"எவ்வளவு நேரம்?" என்ற ஒரே கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன.

சக்கரம் தரையை விட்டதிலிருந்து மறுபடி தரையைத் தொடும் வரை எவ்வளவு? இது பறக்கும் நேரம். விமானம் நின்ற இடத்திலிருந்து நகர ஆரம்பித்து, போய்ச் சேர்ந்த இடத்தில் நிற்கும் வரை எவ்வளவு? டிக்கெட்டில் அச்சாவது இதுதான். வீட்டு வாசலில் கிளம்பி அந்த ஊர் வாசலில் இறங்கும் வரை எவ்வளவு? பயணிக்கு உண்மையில் வேண்டியது இது.

பெரும்பாலும் புதியவர்கள் முதலாவதைக் கணக்கிட்டு, மூன்றாவதாக நினைத்துச் சொல்லிவிடுகிறார்கள். 50 நிமிடம் பறக்கும் பயணம் வாசலுக்கு வாசல் பார்த்தால் நான்கு மணி நேரம் ஆகிவிடும். எந்த நேரத்தைச் சொல்கிறோம் என்பதைத் தாளின் மேலே எழுதிவிட்டு ஆரம்பியுங்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

இரண்டு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகள். அந்த வழித்தடத்தில் எந்த வகை விமானம் பறக்கிறது அல்லது பறக்க முடியும் என்ற தகவல். ஓடுபாதையின் நீளம், திசை. கொசைன் பொத்தான் உள்ள கால்குலேட்டர். ஒரு தாள், ஒரு பென்சில்.

தாளை விட்டுவிட வேண்டாம். கணினியில் நேராகப் போட்டால் தப்பு எந்தப் படியில் நுழைந்தது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

3. சரியான நிலையத்தைப் பிடியுங்கள்

ஊர்ப் பெயரை நம்பாதீர்கள், மூன்றெழுத்துக் குறியீட்டை நம்புங்கள். தூத்துக்குடிக்கு டிசிஆர். சேலத்துக்கு எஸ்எக்ஸ்வி. ஓரிகன் சேலத்துக்கு எஸ்எல்இ.

நம் பக்கத்துக் குறியீடுகளில் ஒரு சிக்கல் உண்டு. டிசிஆர் தூத்துக்குடி, டிஆர்இசட் திருச்சி, டிஆர்வி திருவனந்தபுரம், டிஐஆர் திருப்பதி. நான்கும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். டிசிஆர் என்றதும் திருச்சூர் என்று நினைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். திருச்சூருக்கு விமான நிலையமே கிடையாது, அந்த ஊர்க்காரர்கள் கொச்சிக்குத்தான் போக வேண்டும்.

நான்கெழுத்துக் குறியீட்டையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். தூத்துக்குடி விஓடிகே, சேலம் விஓஎஸ்எம். தென்னிந்திய நிலையங்கள் எல்லாம் விஓ என்றுதான் தொடங்கும், இலங்கை நிலையங்கள் விசி என்று தொடங்கும். அதைப் பார்த்தாலே வேறு கண்டத்துக்குப் போய்விட்டோமா என்பது தெரிந்துவிடும்.

4. விமானம் உண்மையில் பறக்கிறதா என்று இப்போதே பாருங்கள்

எல்லோரும் இதைக் கடைசியில் வைக்கிறார்கள். நான் நான்காவதாக வைப்பதற்குக் காரணம் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு காலை வேளை. தூத்துக்குடிக்காரர் ஒருவர் அலுவலகத்துக்குப் போன் செய்தார். சேலத்தில் நெருங்கிய உறவில் துக்கம், மாலைக்குள் போய்ச் சேர வேண்டும். "விமானத்தில் எவ்வளவு நேரம் ஆகும் தம்பி?" என்று கேட்டிருக்கிறார். போனை எடுத்த பையன் இணையத்தில் தட்டிப் பார்த்துவிட்டு, "ஐம்பது நிமிஷம்தான் ஐயா" என்று சொல்லிவிட்டான். அவர் வீட்டுக்கு வந்திருந்த காரைத் திருப்பி அனுப்பிவிட்டு, டிக்கெட் போடச் சொல்லி மறுபடி அழைத்தார். அப்போதுதான் நேரடி விமானமே இல்லை என்பது பையனுக்குத் தெரிந்தது. அதற்குள் ஒன்றேகால் மணி நேரம் போய்விட்டது. அந்த ஒன்றேகால் மணி நேரத்தை அவருக்கு யாரும் திருப்பித் தர முடியாது.

அவன் போட்ட கணக்கில் தப்பு இல்லை. அந்தத் தூரத்துக்கு ஐம்பது நிமிடம்தான். இணையக் கால்குலேட்டர்கள் வரைபடத்தில் இரண்டு புள்ளிகளை எடுத்து, நடுவில் ஒரு விமானத்தைக் கற்பனை செய்து நேரம் சொல்கின்றன. அப்படி ஒரு விமானம் இருக்கிறதா என்று அவை பார்ப்பதில்லை.

எனவே மேலே போகும் முன் மூன்றைப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே நேரடிச் சேவை உண்டா? இல்லையென்றால் எந்த ஊரில் மாற வேண்டும்? கேட்ட கிழமையில் அந்தச் சேவை உண்டா? சிறிய நிலையங்களில் வாரத்தில் எல்லா நாளும் பறக்காத சேவைகள் அதிகம். சிறிய ஊர்களை விமானத்தில் இணைக்கும் அரசின் உடான் திட்டத்தில் தொடங்கிய வழித்தடங்களில் சில இடையில் நின்றும் போயின. போன வருடம் இருந்தது என்பது இந்த வருடத்துக்குச் சாட்சி ஆகாது. கோடைக்கால அட்டவணை மார்ச் கடைசி ஞாயிறிலும் குளிர்கால அட்டவணை அக்டோபர் கடைசி ஞாயிறிலும் மாறும். அந்த இரண்டு தேதிகளுக்கு அப்புறம் மறுபடி பார்ப்பது நல்லது.

நேரடி விமானம் இல்லையென்றாலும் கணக்கு வீண் போகாது. மாறும் ஊர் வரை ஒரு கணக்கு, அங்கிருந்து இன்னொரு கணக்கு என்று இதே முறையில் போட வேண்டியதுதான்.

5. நிலையத்தின் இடத்தை எடுங்கள், ஊரின் இடத்தை அல்ல

தூத்துக்குடி விமான நிலையம் ஊருக்குள் இல்லை, திருநெல்வேலி சாலையில் வாகைக்குளத்தில் இருக்கிறது. சேலம் விமான நிலையம் ஓமலூர்ப் பக்கம் காமலாபுரத்தில் இருக்கிறது. ஒன்று ஊருக்குத் தென்மேற்கே, மற்றது ஊருக்கு வடமேற்கே. இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று தள்ளிப் போகும் திசையில் இருப்பதால், ஊருக்கு ஊர் அளந்தால் தூரம் குறைவாக வரும். ஏறக்குறைய 172 கடல் மைல். நிலையத்துக்கு நிலையம் அளந்தால் 184. ஏறத்தாழ 22 கிலோமீட்டர் வித்தியாசம். ஆயிரம் கிலோமீட்டர் பயணத்தில் இது பெரிதாகத் தெரியாது, 340 கிலோமீட்டரில் தெரியும்.

நிமிட அளவுக்குச் சுருக்கினால் நமக்கு வேண்டிய எண்கள் இவை:

தூத்துக்குடி: வடக்கு 8°43′, கிழக்கு 78°02′
சேலம்: வடக்கு 11°47′, கிழக்கு 78°04′
சென்னை: வடக்கு 13°00′, கிழக்கு 80°11′
திருச்சி: வடக்கு 10°46′, கிழக்கு 78°43′
யாழ்ப்பாணம் (பலாலி): வடக்கு 9°48′, கிழக்கு 80°04′

இந்தப் படியில் விழாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. 8°43′ என்பதைக் கால்குலேட்டரில் 8.43 என்று போட்டுவிடுவார்கள். 43 என்பது நிமிடம், ஒரு பாகைக்கு 60 நிமிடம். 43-ஐ 60-ஆல் வகுத்தால் 0.717, ஆகவே அது 8.717 பாகை.

இதில் இன்னொரு ஆபத்து, தப்பு சில நேரம் வெளியே தெரியாது. சேலத்தையும் 11.47 என்று போட்டால் வித்தியாசம் 3.04 பாகை, அதாவது 182 கடல் மைல். சரியான விடை 184. இரண்டு பக்கமும் ஒரே அளவு தப்பியதால் ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிட்டது. பையன் "சரியாகத்தானே வருது அண்ணா" என்பான். அதே பழக்கத்தோடு திருச்சி–யாழ்ப்பாணம் போட்டால் 99 வரவேண்டிய இடத்தில் 112 வரும். விடை ஒரு முறை சரியாக வந்ததற்காக முறையும் சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

6. தூரத்தைக் கணக்கிடுங்கள்

சேலம்–தூத்துக்குடியை முதல் பயிற்சியாகக் கொடுப்பதற்குக் காரணம் அதன் தீர்க்கரேகைகள். 78°02′, 78°04′. இரண்டும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நேர் வடக்கு–தெற்காக இருக்கின்றன. எனவே அட்சரேகை வித்தியாசத்தை மட்டும் பார்த்தால் போதும்.

அட்சரேகையில் ஒரு நிமிடம் ஏறத்தாழ ஒரு கடல் மைல். கடல் மைல் என்ற அளவு பிறந்ததே அங்கிருந்துதான். 11°47′-லிருந்து 8°43′-ஐக் கழித்தால் 3°04′. மூன்று பாகைக்கு 180 நிமிடம், கூட 4, மொத்தம் 184 நிமிடம். ஆகவே 184 கடல் மைல். 1.852-ஆல் பெருக்கினால் 340.8 கிலோமீட்டர். அவ்வளவுதான்.

கணக்குப் போட்ட பிறகு இணையத்தில் பார்த்தால் 338 அல்லது 339 என்று காட்டலாம், பயப்பட வேண்டாம். பூமி சரியான உருண்டை இல்லை, துருவங்களில் சற்றே தட்டை. அதனால் நிலநடுக்கோட்டுப் பக்கம் ஒரு பாகையின் நீளம் 111.1-க்குப் பதிலாக 110.6 கிலோமீட்டராக இருக்கிறது. அந்த வித்தியாசம்தான் அது. நம் வேலைக்கு இது பொருட்டில்லை.

அடுத்தது திருச்சி–யாழ்ப்பாணம். இங்கே பாதை சரிவாகப் போகிறது, அதனால் தீர்க்கரேகையும் சேர வேண்டும்.

அட்சரேகை வித்தியாசம்: 10°46′ கழித்தல் 9°48′, 58 நிமிடம். தீர்க்கரேகை வித்தியாசம்: 80°04′ கழித்தல் 78°43′, 81 நிமிடம். ஆனால் தீர்க்கரேகையில் ஒரு நிமிடம் முழுக் கடல் மைல் ஆகாது. தீர்க்கரேகைகள் வடக்கே போகப் போக நெருங்கி வருகின்றன, கடைசியில் துருவத்தில் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்பதைக் கொசைன் சொல்லும். இரண்டு ஊர்களின் நடு அட்சரேகை 10°17′. அதன் கொசைன் 0.984. எனவே 81-ஐ 0.984-ஆல் பெருக்கினால் 79.7 கடல் மைல்.

இப்போது ஒரு செங்கோண முக்கோணம் கிடைத்துவிட்டது. ஒரு பக்கம் 58, இன்னொரு பக்கம் 79.7. இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 98.6 கடல் மைல், அதாவது 183 கிலோமீட்டர்.

நம் பகுதிக்கு வேண்டிய கொசைன்களை ஒரு அட்டையில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளலாம்: 8 பாகைக்கு 0.990, 9-க்கு 0.988, 10-க்கு 0.985, 11-க்கு 0.982, 12-க்கு 0.978, 13-க்கு 0.974. எல்லாமே ஒன்றுக்குப் பக்கத்தில் இருப்பதால் தமிழ்நாட்டுக்குள் கொசைனை மறந்தாலும் பெரிய தப்பு வராது. ஆனால் இதே ஆள் நாளைக்கு ஸ்ரீநகர்–லே கணக்கைப் போடும்போது ஐந்தில் ஒரு பங்கு தப்பு வந்துவிடும். பழக்கத்தைச் சரியாகப் பழகிக்கொள்வது நல்லது.

கணினி விரிதாளில் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அங்கே கொசைன் சூத்திரம் பாகையை எதிர்பார்க்காது, ரேடியனை எதிர்பார்க்கும். நீங்கள் 10 என்று கொடுத்தால் 0.985-க்குப் பதிலாக மைனஸ் 0.839 வரும். அதை வர்க்கப்படுத்தும்போது மைனஸ் மறைந்துவிடும். விடை 89 கடல் மைல் என்று பார்வைக்கு நம்பும்படியாகவே வந்து உட்காரும். முதலில் கொசைனை மட்டும் தனிக் கட்டத்தில் போட்டுப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

இந்த முக்கோண முறை 500, 600 கிலோமீட்டர் வரை தாராளமாகத் தாங்கும். அதற்கு மேல் போனால் உருண்டைக்கான முழுச் சூத்திரம் வேண்டும். சிறிய நிலையங்களுக்கு இடையே அந்தத் தேவை அபூர்வம்.

7. அலகைப் பெயரோடு எழுதுங்கள்

வெறும் "மைல்" என்று எழுதாதீர்கள். 340 கிலோமீட்டர் என்பது 184 கடல் மைல், ஆனால் சாலை மைலில் 212. விமான வேகம் கடல் மைலில் சொல்லப்படுகிறது. மணிக்கு ஒரு கடல் மைல் என்பதை "நாட்" என்பார்கள். 212-ஐ எடுத்து 270 நாட் வேகத்தால் வகுத்தால், 41 நிமிடம் வரவேண்டிய இடத்தில் 47 நிமிடம் வரும். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அலகை எழுதும் பழக்கம் இருந்தால் இந்தத் தப்பு நுழையாது.

8. நேர்கோட்டை உண்மையான பாதையாக நீட்டுங்கள்

விமானம் நாம் போட்ட கோட்டின் மேல் அப்படியே போகாது. காரணத்தைச் சேலம்–தூத்துக்குடியிலேயே பார்க்கலாம்.

சேலம் ஓடுபாதையின் எண் 04/22. கடைசிச் சுழியம் சேர்த்துப் படித்தால் 40 பாகை, 220 பாகை. அதாவது வடகிழக்கு–தென்மேற்காக அமைந்திருக்கிறது. தூத்துக்குடி ஓடுபாதை 10/28, ஏறக்குறைய கிழக்கு–மேற்கு. நம் பாதையோ நேர் வடக்கு–தெற்கு. ஆகவே எந்தப் பக்கம் கிளம்பினாலும் திரும்பித்தான் ஆக வேண்டும், இறங்கும்போதும் திரும்பித்தான் ஆக வேண்டும். விமானம் எதிர்க்காற்றில்தான் இறங்க விரும்பும். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் ஆடி மாதத்தில் தூத்துக்குடியில் மேற்கு நோக்கி இறங்க வேண்டியிருக்கும். வடக்கேயிருந்து வரும் விமானம் முதலில் கிழக்கே கடல் பக்கம் போய், வளைந்து, மேற்கு முகமாக ஓடுபாதைக்கு நேராக வரும். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர், ஊர் தெரிகிறதே, இன்னும் ஏன் இறங்கவில்லை என்று நினைப்பது இந்த நேரத்தில்தான்.

கூடவே, வான்வழித் தடங்களுக்கு என்று குறித்த புள்ளிகள் உண்டு. திருச்சி–யாழ்ப்பாணம் மாதிரிப் பாதையில் சென்னை வான்பரப்பிலிருந்து கொழும்பு வான்பரப்புக்கு மாற வேண்டும், அதற்கும் குறித்த இடம் இருக்கிறது.

நான் வைத்திருக்கும் கைக்கணக்கு இது: நேர்கோட்டுத் தூரத்தில் 5 சதவீதம் அல்லது 10 கடல் மைல், இரண்டில் எது அதிகமோ அதைக் கூட்டுங்கள். இப்படிக் கூட்டினால் 184 என்பது 194 ஆகிறது, 98.6 என்பது 109 ஆகிறது.

9. விமானத்தின் வேகத்தைப் பொருத்துங்கள்

வேகத்துக்கு முன்னால் எந்த விமானம் என்று தெரிய வேண்டும். அதை ஓடுபாதை சொல்லும். சேலம் ஓடுபாதை 1,806 மீட்டர். இது ஏடிஆர் 72 மாதிரி விசிறி விமானத்துக்கு ஏற்ற நீளம். தூத்துக்குடியில் 1,351 மீட்டராக இருந்ததை 3,115 மீட்டராக நீட்டிவிட்டார்கள், அங்கே ஏ320 மாதிரி ஜெட்டும் இறங்கலாம். ஆனால் ஒரு பாதையில் பறக்கும் விமானத்தை முடிவு செய்வது இரண்டில் சிறிய ஓடுபாதைதான். ஆகவே நம் கணக்குக்கு ஏடிஆர்.

ஏடிஆர் 72-600-இன் அதிகபட்சப் பயண வேகம் 275 நாட் அளவு, அதாவது மணிக்கு 510 கிலோமீட்டர். கணக்குக்கு 270 என்று வைத்துக்கொள்ளுங்கள். 194-ஐ 270-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்கினால் 43 நிமிடம்.

இதோடு நிறுத்திவிடக் கூடாது. விமானம் கிளம்பியதும் 270 நாட்டில் போகாது. மேலே ஏறும்போது 200 நாட் பக்கத்தில்தான் போகும், இறங்கும் நேரத்தில் இன்னும் மெதுவாகும். இதற்காக ஏடிஆருக்கு 6 நிமிடம் கூட்டுகிறேன். ஆக, பறக்கும் நேரம் 49 நிமிடம்.

இணையக் கால்குலேட்டர்கள் பலவற்றில் ஜெட் வேகத்தைப் போட்டு, அதே தூரத்துக்கு அரை மணி நேரத்துக்கும் குறைவாகக் காட்டுவார்கள். 450 நாட் வேகத்தில் வகுத்தால் 26 நிமிடம் வருவது உண்மைதான். ஆனால் அந்த வேகத்தைப் பிடிப்பதற்குள் இறங்க ஆரம்பித்துவிட வேண்டியிருக்கும், ஏறி இறங்கும் இழப்பும் 10 நிமிடத்துக்கு வந்துவிடும். இவ்வளவு சின்னத் தூரத்தில் ஜெட்டுக்கும் ஏடிஆருக்கும் வித்தியாசம் கால் மணி நேரம்கூட வராது.

10. காற்று

காற்றை நினைத்துப் புதியவர்கள் தேவைக்கு மேல் கவலைப்படுகிறார்கள். 20 நாட் எதிர்க்காற்று அடித்தால் தரை வேகம் 250 ஆகும். 194 கடல் மைலுக்கு 43 நிமிடம் 47 ஆகும். பின்காற்றாக இருந்தால் 40 ஆகும். சில நிமிடங்கள்தான்.

திசை மட்டும் ஞாபகம் இருக்கட்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் பக்கம் கீழ்மட்டக் காற்று மேற்கிலிருந்து வருகிறது. வடக்கு–தெற்குப் பாதையான சேலம்–தூத்துக்குடிக்கு அது பக்கக்காற்று, நேரத்தை அதிகம் மாற்றாது. திருச்சியிலிருந்து யாழ்ப்பாணம் போகும்போது பின்னாலிருந்து தள்ளும், திரும்பும்போது எதிர்த்து நிற்கும்.

11. தரை நேரத்தைக் கூட்டுங்கள்

விமானம் நின்ற இடத்திலிருந்து ஓடுபாதை முனைக்கு ஊர்ந்து போவதும், இறங்கிய பின் நிற்கும் இடத்துக்கு வருவதும் டிக்கெட் நேரத்துக்குள் சேரும். சிறிய நிலையத்தில் இது ஐந்து நிமிடம். வரிசை இருக்காது, தூரமும் குறைவு. சென்னையில் 12 நிமிடம் வையுங்கள்.

சேலம்–தூத்துக்குடி: 49 கூட்டல் 10, ஏறக்குறைய ஒரு மணி நேரம். திருச்சி–யாழ்ப்பாணம்: 109-ஐ 270-ஆல் வகுத்தால் 24 நிமிடம், ஏறி இறங்க 6, தரையில் 10, மொத்தம் 40. விமான நிறுவனம் இதற்கு மேலும் கொஞ்சம் கூட்டித்தான் அட்டவணையில் போடும். தாமதமானாலும் குறித்த நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்று அவர்கள் வைத்துக்கொள்ளும் இடைவெளி அது. உங்கள் கணக்கைவிட அட்டவணை 10, 15 நிமிடம் அதிகமாக இருந்தால் இரண்டும் சரிதான். அட்டவணை குறைவாக இருந்தால் உங்கள் தாளில் எங்கோ தப்பு இருக்கிறது.

திருச்சி–யாழ்ப்பாணத்துக்கு கடிகாரத்தை மாற்ற வேண்டாம், இந்திய நேரமும் இலங்கை நேரமும் ஒன்றுதான். வேறு நாட்டுக்குப் போகும்போது புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் கழித்துப் பயண நேரம் எடுப்பவர்கள், இரண்டும் அந்தந்த ஊர் நேரம் என்பதை மறந்துவிடுவார்கள். சிங்கப்பூர் டிக்கெட்டில் இரண்டரை மணி நேரம் தப்பு வருவது அப்படித்தான்.

12. மாறிப் போகும் பயணத்தைத் துண்டு துண்டாகப் போடுங்கள்

தூத்துக்குடியிலிருந்து சென்னை வழியாகச் சேலம் போவதாக வைத்துக்கொள்வோம்.

தூத்துக்குடி–சென்னை: அட்சரேகை வித்தியாசம் 257 நிமிடம். தீர்க்கரேகை வித்தியாசம் 129, அதைக் கொசைன் 0.982-ஆல் பெருக்கினால் 127. முக்கோணம் போட்டால் 287 கடல் மைல். 5 சதவீதம் கூட்டினால் 301. ஏடிஆரில் 67 நிமிடம், ஏறி இறங்க 6, தரையில் 17. மொத்தம் ஒன்றரை மணி நேரம்.

சென்னை–சேலம்: அட்சரேகை 73, தீர்க்கரேகை 127-ஐக் கொசைனால் பெருக்கி 124. விடை 144 கடல் மைல். 10 கூட்டினால் 154, 34 நிமிடம். 6-ம் 17-ம் சேர்த்தால் 57 நிமிடம்.

இரண்டையும் கூட்டினால் 431 கடல் மைல், ஏறக்குறைய 800 கிலோமீட்டர். நேர்கோட்டில் 340 கிலோமீட்டர் இருக்கும் ஊருக்கு 800 கிலோமீட்டர் பறக்கிறோம். இதைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கும்போதுதான் பிள்ளைகளின் முகம் மாறும்.

இங்கே வரும் பெரிய தப்பு, இரண்டு பறக்கும் நேரத்தை மட்டும் கூட்டி இடையில் காத்திருப்பதை விட்டுவிடுவது. சென்னையில் குறைந்தது இரண்டு மணி நேரம் வையுங்கள். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால் இன்னும் அதிகம் வேண்டும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். சேலத்துக்குப் போகும் கடைசி விமானத்தின் நேரத்தையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். சிறிய நிலையங்களில் அடுத்தது என்பது பெரும்பாலும் மறுநாள்தான்.

13. வாசலிலிருந்து வாசலுக்கு

இப்போது பயணி கேட்ட கேள்விக்கு வருவோம். தூத்துக்குடி வீட்டிலிருந்து வாகைக்குளம் அரை மணி நேரம். உள்நாட்டு விமானத்துக்குப் பொதுவாகப் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே கவுன்டர் மூடிவிடும், ஆகவே ஒன்றரை மணி நேரம் முன்னால் அங்கே இருக்க வேண்டும். சென்னை வரை ஒன்றரை மணி. காத்திருப்பு இரண்டு மணி. சேலம் வரை ஒரு மணி. பெட்டி எடுத்து வெளியே வர 20 நிமிடம். காமலாபுரத்திலிருந்து சேலம் ஊருக்குள் 35 நிமிடம். கூட்டினால் 7 மணி 25 நிமிடம்.

காரில் போனால் மதுரை, திண்டுக்கல், கரூர், நாமக்கல் வழியாக ஏறக்குறைய 7 மணி நேரம். சாப்பாட்டுக்கு நிறுத்தினால் கொஞ்சம் கூடும். தூத்துக்குடி–மைசூரு விரைவு ரயிலும் சேலம் வழியாகத்தான் போகிறது.

ஆகவே காலையில் போன் செய்த அந்தப் பெரியவருக்குச் சரியான பதில், "ஐயா, நேரடி விமானம் இல்லை. சென்னை போய் மாறினால் ஏழரை மணி நேரம் ஆகும், இடம் கிடைக்குமா என்பதையும் பார்க்க வேண்டும். வந்திருக்கும் காரை அனுப்பிவிடாதீர்கள், அதிலேயே இப்போதே கிளம்புங்கள்." டிக்கெட் விற்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்வது சுலபம் இல்லை. ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது, சொல்லித்தான் ஆக வேண்டும்.

14. விடையைச் சரிபார்க்க

தாளை மூடும் முன், சேவை நடக்கும் ஒரு வழித்தடத்தை எடுத்து இதே முறையில் போட்டுப் பாருங்கள். சென்னை–தூத்துக்குடி அதற்கு நல்லது. உங்கள் ஒன்றரை மணி நேரமும் அன்றைய ஏடிஆர் அட்டவணையும் கால் மணி நேரத்துக்குள் ஒத்துப்போனால், சேவை இல்லாத வழித்தடத்துக்கு நீங்கள் போட்ட விடையையும் நம்பலாம்.

ஒத்துப்போகவில்லை என்றால் இந்த வரிசையில் தேடுங்கள்: நிமிடத்தை 60-ஆல் வகுக்காமல் அப்படியே தசமமாக எழுதினீர்களா, கொசைனுக்கு ரேடியனைக் கொடுக்க மறந்தீர்களா, சாலை மைலை நாட்டால் வகுத்தீர்களா, ஜெட் பறக்கும் சேவையை ஏடிஆர் என்று நினைத்தீர்களா. என் அனுபவத்தில் பத்தில் ஏழு தடவை முதலாவதிலேயே தப்பு அகப்பட்டுவிடும்.